கொக்கு நிற்கும் களம்

இது நடந்தது எந்த வருடம் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாயிரத்துப் பதிமூன்றாக இருக்கலாம், அதற்கு அடுத்த வருடமாகவும் இருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் பிறகு அவரவரிடம் கேட்டுச் சேர்த்ததுதான். சேர்த்ததில் எது நடந்தது, எது தங்கள் ஆறுதலுக்காக அவர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வெனிலா அன்று போட்டிருந்த ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஷூ என்று அஞ்சம்மாள் சொல்கிறாள். இல்லை, ஊதாக் கோடு போட்டது என்கிறார் தேவநாதன். அவள் அம்மா இருதயசெல்வியைக் கேட்டால் தெரிந்துவிடும். யாரும் கேட்டதில்லை.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் சாலையில், வீடுகள் ஓய்ந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பழைய எண்ணெய் மில் இருந்தது. மில் நின்று பல வருடமாகிவிட்டது. இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கிற சிமெண்டுக் களம் மட்டும் வெடிப்பு விட்டுக் கிடந்தது. அறுவடைக் காலத்தில் அதில் பாதியை ஓமந்தூர்க்காரர் தேவநாதன் எடுத்துக்கொள்வார். மறு பாதியில் டோமினிக்கின் பயிற்சி நடக்கும். களத்தை ஒட்டி, மில் மேஸ்திரிக்காகக் கட்டிய ஓட்டு வீட்டில் டோமினிக்கும் அவர் மனைவி இருதயசெல்வியும் மகள் வெனிலாவும் குடியிருந்தார்கள்.

கேட்டில் 'கிரிக்கெட் கண்டிஷனிங் பயிற்சி' என்று பெயிண்டில் எழுதித் தகரப் பலகை ஒன்று தொங்கியது. முதல் கோடையில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "ஏர் கண்டிஷன் ரிப்பேரு இங்கதான பண்றது? எங்க முதலாளி வூட்டுல தண்ணி ஒழுவுது" என்று கேட்டார். அன்றிலிருந்து ஊரில் டோமினிக்குக் கண்டிசன் மாஸ்டர் என்று பெயர். அவர் விதிக்கிற கண்டிஷன்களைப் பார்த்தபிறகு அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பந்து போடக் கற்றுக்கொடுப்பது அவர் வேலையில்லை. பந்து போடுகிற உடம்பைத் தயார் செய்வதுதான் வேலை. லாரி டயரைக் கயிற்றில் கட்டி இழுக்கவிடுவார். மல்லாட்டை மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொல்வார். மதியம் தூங்காமல் வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். வேகப்பந்து வீசுகிறவர்கள் ஆளுக்கொரு பால் பவுடர் டப்பா வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பந்து போட்டால் டப்பாவில் ஒரு மல்லாட்டை. டப்பாவுக்குள் சுண்ணாம்பில் ஒரு கோடு இருக்கும். மல்லாட்டை கோட்டைத் தொட்டால் அன்றைக்குப் பந்து முடிந்தது. அதற்குமேல் ஒரு பந்து போட்டாலும் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

இப்படி ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார் என்றால் முகையூர் பக்கத்திலிருந்து வந்தார். அப்பா தொம்மை கல் குவாரியில் சம்மட்டி அடித்தவர். தொண்ணூற்று மூன்றில் டோமினிக் விழுப்புரத்தில் கார்க் பந்து போட்டிகளில் வீசிக்கொண்டிருந்தார். அவர் ஓடி வருகிறார் என்றால் எதிர் டீமில் பாதிப் பேர் ஸ்டம்பை விட்டு விலகி நிற்பார்கள். சென்னையில் ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே முதுகு வலிக்கிறது என்று சொன்னதற்குக் கோச் சிரித்துவிட்டு, "மூட்ட தூக்குற ஜாதிக்கு முதுகு வலியா?" என்று கேட்டார். டோமினிக் போய்ப் பந்தைப் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் நடு மைதானத்தில் விழுந்தவரைப் பெஞ்சில் போட்டுத் தூக்கிப்போனார்கள். முகையூரில் பலகையில் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபோது ஓட முடிந்தது, பந்து போட முடியவில்லை. பிறகு சென்னையில் ஜிம்மில் துடைக்கிற வேலை. அங்கே வந்த டிரெய்னர்களிடம் கேட்டும், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்தும், பரீட்சை எழுதியும் தன்னை உடைத்தது எது என்று கற்றுக்கொண்டார். கற்றதை வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தார். "என்ன ஒருத்தரு நிறுத்தியிருந்தா நான் இன்னும் பத்து வருசம் ஆடியிருப்பேன். அதுக்குத்தான் நான் நிறுத்துறேன்" என்று புதிதாகப் பிள்ளையைக் கூட்டி வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

இருதயசெல்வி தேவநாதனுக்கு விதை மல்லாட்டை உடைத்துக் கொடுத்தாள். அஞ்சம்மாளும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் களத்தின் ஓரத்தில் புங்க மர நிழலில் உட்காருவார்கள். விதைக்கு உடைக்கிற மல்லாட்டையை இயந்திரத்தில் போடக்கூடாது, பருப்பின் முனை நசுங்கினால் முளைக்காது. ஒவ்வொன்றாக விரலால் நெரித்து, திரண்டதை முறத்திலும் சூம்பலைக் கூடையிலும் போட வேண்டும். கட்டை விரல் நகம் தேய்ந்து வெள்ளையாக இருக்கும். கை இங்கே வேலை செய்தாலும் கண் முழுக்கக் களத்தில்தான். டோமினிக் செய்கிற எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது கொக்கு.

முந்தின வருடம் தேவநாதனின் மகன் ரஞ்சித்தைக் கொக்கு நிற்க வைத்தபோது பெரிய சண்டையே நடந்தது. ரஞ்சித் நல்ல வேகம். சென்னையிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு டோமினிக் அவனைக் கூப்பிட்டார்.

"ஷூவக் கழட்டு. சாக்ஸும்."

ரஞ்சித் கழற்றினான்.

"எடது கால்ல நில்லு. கைய இடுப்புல வெச்சி அப்பிடியே பின்னால சாயி. மெதுவா."

அவன் ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஓரமாக நின்ற தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா மாஸ்டரு, ஓடறதுக்குக் கத்துக்குடுன்னு இட்டாந்து வுட்டா ஒத்தக் கால்ல நிக்க வெச்சிக்கினு இருக்கிற?"

"வலி இருக்குதுண்ணா இவனுக்கு. முதுவு எலும்புல வெடிப்பு வுட ஆரம்பிச்சிருக்குது."

"வலிக்குதாடா?"

"இல்லப்பா."

"பாரு, இல்லன்றான். அவனுக்கு இல்லாத வலி ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"மொகத்தப் பாக்காதீங்கண்ணா. பேட்ஸ்மேனுக்கு மொகத்தக் காட்டக் கூடாதுன்னு நான்தான் கத்துக்குடுத்தேன். மொகம் எத வேணா சொல்லும். கீழ பாருங்க. கால் வெரலப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ரஞ்சித்தின் விரல்கள் சிமெண்டைப் பிறாண்டுவதுபோல மடங்கியிருந்தன. நகங்களைச் சுற்றி ரத்தம் ஓடாமல் வெளுத்திருந்தது.

"வலிய எங்கியாவது புடிச்சிக்கினுதான் ஆவணும். அவன் அங்க புடிச்சிக்கினு இருக்கிறான்."

தேவநாதன் கத்தினார். மாஸ்டருக்குத் தன் மகன் மேல் பொறாமை என்றார், மல்லாட்டையை வேறு களத்துக்குக் கொண்டுபோவேன் என்றார். டோமினிக் அசையவில்லை. நான்கு மாதம் ரஞ்சித் பந்தைத் தொடவில்லை. ஸ்கேனில் வெடிப்புத் தெரிந்தது, பிறகு எலும்பு கூடி ஆறியது. அடுத்த முறை சென்னையிலிருந்து ஆள் வந்தபோது அவனைக் கிளப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். தேவநாதன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து டோமினிக் வீட்டு வாசலில் இறக்கினார். "மாஸ்டரு, நீ டாக்டருக்கு மேல" என்றார். அன்றிலிருந்து களத்தில் எல்லோருக்கும் கொக்கு என்றால் ஒரு பயபக்தி.

வெனிலாவும் வேகப்பந்துதான் வீசினாள். அப்பனின் தோள், தாத்தா தொம்மையின் மணிக்கட்டு. களத்தில் பையன்களே அவள் பந்துக்கு ஒதுங்குவார்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு விழுப்புரத்தில் செலக்சன் வைப்பதாக அறிவித்திருந்தார்கள். அவளுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம். உயிர்த்த ஞாயிறான ஈஸ்டருக்கு முந்தின வாரம் செலக்சன். வீட்டில் வேறு பேச்சே இல்லை. தவக்காலத்தில் கவுச்சி ஆகாது என்று இருதயசெல்வி அடுப்பைக் கழுவி வைத்திருந்தாள். டோமினிக் காலையில் நான்கு முட்டையை அந்த அடுப்பிலேயே வேகவைத்தார்.

"சாமி பாக்காதா?" என்றாள் இருதயசெல்வி.

"பாக்கட்டும். பந்து போடறவளுக்கு ஒடம்புல கறி வேணும். ஒன் தவத்துக்கு அவ எலும்பக் குடுக்க முடியாது."

தவக்காலம் பாதி போனபிறகு ஒருநாள் கிணற்றடியில் துணி அலசும்போது வெனிலாவின் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கை மல்லாட்டைத் தோல் வந்தது. இருதயசெல்விக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டப்பாவிலிருந்து இரண்டை எடுத்துத் தின்றுவிட்டு இரண்டு பந்து அதிகம் போடுவது எல்லாப் பையன்களும் செய்கிற திருட்டு. ஆனால் மறுநாளும் ஒரு கை தோல் இருந்தது. அதற்கு மறுநாளும். வெனிலா மல்லாட்டை தின்கிறவள் இல்லை. வாயில் புண் வரும் என்று சின்ன வயதிலிருந்தே தொடமாட்டாள். தோலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் கிணற்றடியிலேயே நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மாதா கோயிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்த பதினான்கு ஸ்தலங்களை நினைக்கிற வழிபாடு. ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலிட்டு எழுந்து அடுத்ததற்கு நகர வேண்டும். ஐந்தாம் ஸ்தலம் வரை வெனிலா எல்லோருடனும் எழுந்தாள். ஆறாவதில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எட்டாவதில் எழவில்லை. கூட்டம் நகர்ந்துபோக, அவள் மட்டும் தலையைக் குனிந்து முழங்காலிலேயே இருந்தாள். பாட்டுக் குழுவில் பாடுகிற ஜாக்குலின் டீச்சர் இருதயசெல்வியின் காதருகே குனிந்தார்.

"ஒம் பொண்ணுக்கு எம்மாம் பக்தி பாரு செல்வி. எந்திரிக்கவே மனசு வரல."

வீடு திரும்பும்போது காற்று மரக்காணம் பக்கத்திலிருந்து வீசியது. உப்பு வாசனை இருந்தது. சாலையோரம் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள் வேர் மேலாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"எத்தினி நாளா?" என்றாள் இருதயசெல்வி.

"எது?"

"இடுப்பு."

வெனிலா சாலையோரத்துச் செடியைத் தாண்டி நடந்தாள்.

"பொங்கலுக்கு அப்புறந்தான்."

"எம்மாடி! அப்பாகிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவாரு? நிறுத்துவாரு. ரஞ்சித்த நிறுத்தினாரு, அவனுக்கு அடுத்த வருசம் இருந்துச்சி. எனக்கு ஏதும்மா அடுத்த வருசம்?"

"வலிக்கிறதுக்கு மேல மேல போட்டுக்கினு, டப்பாவுல இருக்கிறத வேற தின்னுக்கினு..."

"வலிக்க வலிக்கப் போட்டாத்தான் அன்னிக்கி வலிச்சாலும் போட முடியும். பழக்கிக்கினு இருக்கிறேன்."

"உங்கப்பன் அப்பிடியா சொல்லிக் குடுத்தாரு?"

"அவரு சொல்லல. அவரு அப்பிடித்தான போட்டாரு." பிறகு குரலை இறக்கி, "செலக்சன் முடியட்டும்மா. நானே சொல்றேன். மாதா சத்தியமா."

"மாதாவ இழுக்காத."

வீட்டுக்கு வந்ததும் இருதயசெல்வி சொல்லிவிட்டாள். டோமினிக் கேப்பைக் களியைப் பிட்டு மோரில் தோய்த்துக்கொண்டிருந்தார். வெனிலா உள் அறையில் இருந்தாள். சுவர் மெலிது, ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருக்கும். கிணற்றடித் தோலிலிருந்து எட்டாம் ஸ்தலம் வரை எல்லாவற்றையும் இருதயசெல்வி சொன்னாள். சொல்லி முடித்தபிறகு டோமினிக் வட்டிலில் கிடந்த களியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கிறார் என்று இருதயசெல்வி நினைத்தாள்.

"மோர் புளிச்சிப் போச்சி" என்றார் அவர்.

"நான் இன்னா சொல்லிக்கினு இருக்கிறேன், நீங்க இன்னா சொல்றீங்க?"

"நீ மல்லாட்டை ஒடைக்கிறவ. சூம்பலு எது, தெரண்டது எதுன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். ஒடம்பப் பத்தி எனக்குச் சொல்லாத."

"அவ எந்திரிக்கல. கண்ணால பாத்தேன்."

"முட்டி நோவா இருக்கும்."

"அவளே சொல்றா, வலிக்குதுன்னு."

"செலக்சன் வந்தா எல்லாப் புள்ளைக்கும் எங்கியாவது வலிக்கும். பயம். நான் பாக்காததா?" அவர் கையைக் கழுவினார். "நாளைக்குக் காலைல கொக்கு நிக்க வெக்கிறேன். எல்லாரு எதிர்லயும். அவ சரியா நின்னுட்டா, நீ இனிமே என் வேலைல வாய வெக்கக் கூடாது."

இருதயசெல்விக்கு நிம்மதியாக இருந்தது. அதைப் பிறகு அவள் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கொக்கு நிற்க வைத்தால் தெரிந்துவிடும். விரல் காட்டிக்கொடுத்துவிடும். மகள் தன்மேல் கோபப்படுவாள், அழுவாள், பேசமாட்டாள், ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு தூங்கினாள்.

காலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் டயர் இழுத்து முடித்திருந்தார்கள். வெனிலாவும் ஓடி முடித்து இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். மர நிழலில் பெண்கள் முறத்தை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவநாதன் களத்தில் காய்ந்த மல்லாட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வெனிலா, வா" என்றார் டோமினிக். எல்லோரும் திரும்பினார்கள். "உங்க அம்மாவுக்கு ஒரு சந்தேகம். தீத்து வெச்சிடுவோம். எடது கால்ல நில்லு."

இருதயசெல்வி விரலிடுக்கில் ஒரு மல்லாட்டையை வைத்திருந்தாள். அதை நெரிக்காமல் காத்திருந்தாள். ஷூவைக் கழற்று என்று சொல்லப்போகிறார். எப்போதும் முதல் சொல் அதுதான். ஏழு வயதுப் பையன் ஒருவனைச் சும்மா வேடிக்கைக்கு நிற்க வைத்தபோதுகூட அதைத்தான் முதலில் சொன்னார்.

அவர் சொல்லவில்லை.

வெனிலா ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஷூவோடு ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாய்ந்தாள். கழுத்து நரம்பு நீண்டது. வானத்தைப் பார்த்திருந்த முகத்தில் தூங்குகிறவளின் அமைதி இருந்தது.

"இன்னாடி செல்வி, இன்னிக்கிக் கொக்கு செருப்பு போட்டுக்கினு நிக்குது?" என்று அஞ்சம்மாள் சிரித்தாள். "மாஸ்டரு சொந்தப் பொண்ணுன்னா தனிக் கண்டிசனா?"

"சும்மா இரு அஞ்சம்மா" என்றாள் இருதயசெல்வி.

அதை அவள் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் சொன்னாள். ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எழுந்துபோய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்திருக்கலாம். வெனிலா சாய்ந்தபடியே கண்ணை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இருதயசெல்விக்கும் ஒரு ஆசை இருந்தது. விழுப்புரத்தில் ஒலிபெருக்கியில் தன் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும், ஜாக்குலின் டீச்சருக்கு அது தெரியவேண்டும். அந்த ஆசை எழுந்து நிற்கவிருந்தவளை அப்படியே உட்காரவைத்தது.

"வலிக்குதா?" என்றார் டோமினிக்.

"இல்லப்பா."

"வலது கால்."

அதிலும் நின்றாள். பையன்கள் கை தட்டினார்கள். டோமினிக் மர நிழலைப் பார்த்து, "பாத்துக்கினியா?" என்று சத்தமாகக் கேட்டார். தேவநாதன், "மாஸ்டரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா தங்கச்சி ஒனக்கு" என்று சிரித்தார். இருதயசெல்வி மல்லாட்டையை நெரித்தாள். பருப்பின் முனை நசுங்கிவிட்டது. அதைச் சூம்பல் கூடையில் போட்டாள்.

விழுப்புரத்துக்குக் காலை பஸ்ஸில் போனார்கள். டோமினிக் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருதயசெல்வி தூக்கில் முட்டையும் கேப்பை அடையும் எடுத்து வந்திருந்தாள். தவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தும் அன்று அவளே முட்டையை வேகவைத்திருந்தாள். மைதானத்தில் நிழல் என்று ஒரு சாமியானா மட்டும். வெயில் தரையிலிருந்து மேலே வந்தது.

வெனிலாவின் முறை பதினொரு மணிக்குமேல் வந்தது. முதல் பந்தே ஸ்டம்பைப் பிடுங்கியது. நாற்காலியில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர், "யாரு டிரெய்னரு?" என்று கேட்டார். டோமினிக் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்ற விதத்தை இருதயசெல்வி பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு உயரமாக அவள் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு ஓவர் என்றார்கள். வெனிலா முகம் மாறாமல் ஓடி வந்தாள். இரண்டு பேர் அவுட்டானார்கள். கடைசிப் பந்தைப் போட்டபோது ஒரு சத்தம் கேட்டதாக இருதயசெல்வி சொல்வாள். காய்ந்த மல்லாட்டை ஓடு உடைகிற சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து அது கேட்டிருக்க வாய்ப்பில்லை. பந்து கையைவிட்டுப் போனபிறகு வெனிலா இரண்டு எட்டு வைத்தாள். பிறகு கால்கள் அவளுடையவை இல்லை என்பதுபோல மடங்கி, முகம் தரையில் படும்படி விழுந்தாள்.

சாமியானாவுக்குக் கீழே ஒரு பெஞ்சில் அவளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். டோமினிக் தலைமாட்டில் நின்றார், தொடவில்லை. மைக்கில் பெயர்கள் படிக்க ஆரம்பித்தார்கள்.

"இன்னா பேரும்மா சொன்னாங்க?" என்றாள் வெனிலா. உதட்டில் மண் ஒட்டியிருந்தது.

"ஒம் பேருதான் கண்ணு. மொதல்ல ஒம் பேருதான்."

அவள் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் வெடிப்பு வெகுநாளாக இருந்திருக்கிறது, இப்போது எலும்பு முன்னால் நழுவி நரம்பை நசுக்கிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் உடனே செய்தார்கள். சில நாட்கள் கழித்துக் கட்டிலருகே வந்து போர்வையை விலக்கிப் பாதத்தைத் திறந்தார்.

"வெரல மடக்கும்மா பாப்போம்."

வெனிலா முகத்தைச் சுளித்தாள். அவள் முகம் சுளித்து இருதயசெல்வி பார்த்தது அதுதான் முதல் தடவை. வலது கால் விரல்கள் மடங்கின. இடது காலில் எதுவும் நடக்கவில்லை.

"மடக்கு."

"மடக்கிக்கினுதான் இருக்கிறேன் சார்."

ஐந்து விரல்களும் யாரோ செய்துவைத்தவைபோல அப்படியே நின்றன. டாக்டர் போர்வையை மூடினார்.

வராந்தாவின் கோடியில் குழாயடி. டோமினிக் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டில் நிறைந்து வழிந்தும் குழாயை மூடவில்லை. இருதயசெல்வி வந்து குழாயை மூடினாள்.

"அன்னிக்கி ஷூவ ஏன் கழட்டச் சொல்லல?"

ஒரு தள்ளுவண்டி வந்து இருவருக்கும் நடுவில் போயிற்று. சக்கரச் சத்தம் வராந்தாவின் மறு கோடி வரை கேட்டு அடங்கியது.

"ஒங்களத்தான் கேக்கிறேன். தெரிஞ்சிதான வுட்டீங்க?"

"தெரியும்" என்றார். "நீ சொல்றதுக்கு முன்னாலயே தெரியும். பொங்கலுக்கு அப்புறம் அவ காலு விழுற எடமே மாறிடுச்சி."

"அடப்பாவி."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றனே, என்ன ஒருத்தரு நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு. பொய் செல்வி. அன்னிக்கி விழறதுக்கு முன்னால நாலு ஓவர் போட்டேன். முதுவு எரிஞ்சிக்கினு இருந்துச்சி. அந்த மாதிரி நான் எப்பவும் போட்டதில்ல. அந்த நாலு ஓவருல மட்டுந்தான் நான் யாரோ ஒருத்தனா இருந்தேன். அத எவனாவது நிறுத்தியிருந்தா அவன வெட்டியிருப்பேன். அவளுக்கும் அது கெடைக்கட்டும்னு நெனச்சேன். ஒடஞ்சாலும் கூடிடும்னு நெனச்சேன். எனக்குக் கூடிச்சி."

இருதயசெல்வி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஊரான் புள்ளைய மட்டும் நிறுத்தினீங்களே."

"ஊரான் புள்ளைய ஒடைக்க எனக்கு இன்னா உரிமை இருக்குது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீ மரத்தடியிலதான இருந்த" என்றார். "அஞ்சம்மா கேட்டது எனக்குக் கேட்டுச்சி. நீ அவள அடக்கினதும் கேட்டுச்சி. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கழட்டச் சொல்லியிருப்பேன். எல்லாரு எதிர்லயும் எனக்கு வேற வழி இருந்திருக்காது. நீ சொல்லுவன்னுதான் நின்னுக்கினு இருந்தேன்."

உள்ளேயிருந்து வெனிலா தண்ணீர் கேட்டாள். டோமினிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

ரஞ்சித் இரண்டு வருடம் சென்னையில் ஆடிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். தேவநாதன் இன்னும் ஓமந்தூரில் மல்லாட்டை போடுகிறார், கூலி ஆள் கிடைக்காமல் பாதி நிலத்தில் சவுக்கு வைத்துவிட்டார். அஞ்சம்மாளுக்குக் கண் மங்கிவிட்டதால் உடைக்கிற வேலைக்கு வருவதில்லை. வெனிலா திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கால் விரல்களால் செருப்பைப் பிடித்துக்கொள்ள முடியாததால், பின்னால் வார் வைத்ததாகப் பார்த்து வாங்குகிறாள். அப்பா மேல் அவளுக்குக் கோபமில்லை. அம்மா ஏன் அன்று அப்பாவிடம் சொல்லிக் காட்டிக்கொடுத்தாள் என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆறாதது. டோமினிக்கைச் சென்னையில் ஒரு அகாடமி வேலைக்கு எடுத்துக்கொண்டது, விழுப்புரத்தில் அன்று நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் சொல்லித்தான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார். இருதயசெல்வி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள், பேசவும் செய்கிறாள். களத்தில் இப்போது பயிற்சி இல்லை, மல்லாட்டை மட்டும் காய்கிறது. அகாடமியில் புதிதாக வருகிற பிள்ளைகளை டோமினிக் கொக்கு நிற்க வைக்கிறார். முதலில் ஷூவைக் கழற்றச் சொல்கிறார்.